பதினேழாம் நம்பர் வயல்

கோதுமை அரைத்தே வயிறு வளர்த்தவள் நான். ராயபுரத்தில் எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்கள் பையைப் பிரிக்கும்போதே அது என்ன கோதுமை என்று சொல்லிவிடுவேன். சம்பாவென்றால் கல்லில் விழும் சத்தமே தடிமனாக இருக்கும். மத்தியப் பிரதேசத்துக் கோதுமை வழவழவென்று இறங்கும், மாவும் வெள்ளையாக வரும். ரேஷன் கோதுமைக்கு முதலில் சல்லடை, அப்புறம்தான் மிஷின். இவ்வளவும் தெரிந்த எனக்குப் போன வருஷம் வரை ஒன்று மட்டும் தெரியாது. கோதுமைச் செடியைக் கதிரோடு நான் பார்த்ததே இல்லை.

இப்போது மில்லில் தராசுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. அடியில் கொஞ்சம்போலப் பொடிப்பொடியாகக் கோதுமை. பார்க்கிறவர்கள், "இன்னாக்கா, இத்த அரைக்க மறந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். அது அரைக்கிற கோதுமை இல்லை, விதை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் கேட்டால்தான் இந்தக் கதை.

எங்கள் தெரு முனையில் கிறிஸ்துமஸுக்குப் பெரிய குடில் கட்டுவோம். கடையில் வாங்கிவைக்கிற குடில் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கிணறு ஒரு வீட்டுக்கு, ஆட்டுப்பட்டி ஒரு வீட்டுக்கு, நட்சத்திரம் எங்கள் இருபதாம் நம்பர் வீட்டுக்கு. தட்டுகளில் கோதுமையை முளைக்கப்போட்டு, அந்தப் பச்சையைக் குடிலைச் சுற்றி வயலாக வைப்பது பதினேழாம் நம்பருக்கு. அது என் நாத்தனார் வீடு. என் வீட்டுக்காரரின் தங்கை, எதிர்வரிசையிலேயே வாழ்க்கைப்பட்டவள். பங்குச் சாமியார் வந்து குடிலை மந்திரிக்கும் சாயங்காலம், கமிட்டித் தலைவர் ஒவ்வொரு கதவு எண்ணாகக் கூப்பிடுவார். எண் வந்ததும் அந்த வீட்டார் முன்னால் போய்த் தங்கள் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. எண்தான்.

பிறகு சாலை அகலமானது. கடல் பக்க வரிசை முழுக்கப் போயிற்று. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருந்தன. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். நாத்தனாருக்கு எர்ணாவூரில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அவள் அழுது வடிவாள் என்று நினைத்தேன். அவளோ குடிபோன மாதத்திலேயே, "அண்ணி, வூட்டுக்குள்ளயே பாத்ரூம் கீது, காத்து அப்டி வருது, நீ வந்து பாரேன்" என்று போனில் ஒரே பெருமை. அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது அந்த முதல் கிறிஸ்துமஸில் வந்தது.

அந்த வருஷமும் வழக்கம்போல வயலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பாதி மஞ்சள், பாதி படுத்துவிட்டது. தலைவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நாக்கில் எலும்பு கிடையாது. தட்டுகளைப் பார்த்தவர், "இன்னாம்மா, வயலு கேட்டா வைக்கோலு எட்த்தாந்துகீற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அது போகட்டும். சாமியார் வந்ததும் தலைவர் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு, நாலு, ஆறு என்று வந்து எங்கள் வரிசையோடு முடித்துக்கொண்டார். பதினேழு வரவே இல்லை. நாத்தனார் கையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மந்திரிக்கிற நேரமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் அந்த மெழுகுவத்தியை ஏற்றாமலே பையில் போட்டுக்கொண்டு எர்ணாவூர் போனாள்.

அடுத்த ஆகஸ்டில், மாதா திருநாள் முடிந்து குடில் கமிட்டி கூடியது. நாத்தனாரும் வந்திருந்தாள். தலைவர், தெருவில் இருக்கிற வீட்டுக்குத்தான் இனிப் பங்கு, வயலை இருபதாம் நம்பர் பார்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் பிளாஸ்டிக் புல்லு ஒரு சுருள் வாங்கி விரித்துவிடலாம் என்றார். இருபது என்றால் நான். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"வயலு நான் எட்த்தாறேன். நல்லா வந்தா என் நம்பர கூப்டுவியா?"

"எங்க, எர்ணாவூர்லயா? பவர் ஹவுஸு சாம்பல்லயும் உப்புக் காத்துலயும் இன்னா வரும்? வயலுன்னா கதிர் நிக்கணும்மா."

"கதிரோட எட்த்தாறேன்."

கூட்டமே சிரித்தது. எங்கள் குடிலில் முளைத்த பச்சைதான் எப்போதும் வயல். கதிர் வைத்த கோதுமையை யாரும் கேட்டதுமில்லை, வைத்ததுமில்லை. தலைவரும் சிரித்துக்கொண்டே, "கதிர் வரட்டும், கூப்டுறேன்" என்றார். வாக்கு வாக்குதான். சாட்சிக்குத் தெருவே இருந்தது.

அவள் நேராக என் மில்லுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள். கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டோமே என்ற கலக்கம் முகத்தில் தெரிந்தது. எனக்கோ ஒரே உற்சாகம். "ஏம்மா, இதுக்குப் போயி முழிக்கிற? எங்க மொட்டமாடி கீது, நல்ல தண்ணி கீது. நான் வளக்குறேன். நீ உன்னுதுன்னு வச்சிக்கோ" என்றேன்.

"உன் மாடில வளந்தா அது உன் வயலு அண்ணி. எனக்கு இன்னாத்துக்கு?"

இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான். கடைசியில் இரண்டு பேரும் வளர்ப்பது என்று முடிவாயிற்று. ஒரே கோதுமைகள், ஒரே நாளில், இங்கேயும் அங்கேயும். எது எங்கே நன்றாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு கதிருக்கு விதைப்பது. என் வீட்டுக்காரர் வாழ்நாளில் பேசிய வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு பக்கம்தான் வரும். அவரே, "ரெண்டு பேரும் வெவசாயக் காலேஜ் தொறக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

மில்லில் இருந்த மூன்று வகைகளை எடுத்துக்கொண்டோம். சம்பா, மத்தியப் பிரதேசம், ரேஷன். நாலாவது ஒன்று தானாக வந்து சேர்ந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் ராஜஸ்தான்காரர் ஒருவர், ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சொந்த நிலத்துக் கோதுமையை ரயிலில் சுமந்து வந்து என்னிடம் அரைப்பார். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. சிறுத்து, சுருங்கி, அழுக்குச் சிவப்பில் இருக்கும். மாவும் கறுப்பு. கடையில் நல்லதாக வாங்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டதற்கு, "எங்க ஊர் கிணத்துத் தண்ணி உப்பு அக்கா. வேற போட்டா வராது. ரொட்டி இதுலதான் ருசி" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடம் இரண்டு கை வாங்கிவைத்தேன். பொடிக்கோதுமை என்று நாங்களே பெயரும் வைத்தோம்.

பாத்திக்கு எங்கே போவது? நாத்தனாரின் கணவர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளில் ஓட்டை உடைசலானவற்றைக் கொண்டுவந்து குவித்தார். நர்சரியில் மண் வாங்கி நிரப்பினோம். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் மொட்டைமாடிக்கு வந்து ஏமாந்துபோயின.

என் மாடியில் ரேஷன் கோதுமை பாதிக்குமேல் முளைக்கவே இல்லை. மற்ற மூன்றும் பச்சைப்பசேல் என்று வந்தன. போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு எர்ணாவூரிலிருந்து வந்த படத்தைப் பார்த்தால் எனக்கே ஐயோ என்றிருந்தது. முளைத்ததெல்லாம் நுனி கருகி நிற்கிறது. சம்பா சுருண்டுவிட்டது. பொடிக்கோதுமை மட்டும் ஏதோ ஒப்புக்குப் பச்சையாக இருந்தது. உப்புக் கரிக்கிற போர் தண்ணீரை ஊற்றுகிறாள், வேறென்ன என்று போனில் ஒரு பிடி பிடித்தேன். "சாமி சத்தியமா லாரித் தண்ணி தான் அண்ணி" என்று அவள் அழாத குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எர்ணாவூர் போனேன். அவள் சொன்னது பொய்யில்லை, காற்று அப்படி வந்தது. காற்றோடு கொஞ்சம் சாம்பலும் வந்தது. மாடி ஏறிப் பெட்டிகளைப் பார்த்தேன். மண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மில்காரிக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற புத்தி. அசல் உப்பு.

"இது இன்னாடி?"

"மந்திரிச்ச உப்பு அண்ணி. நாலு மூலைக்கும் வச்சேன். தெருவே பாத்துகினு கீது, கண்ணு படக்கூடாதில்ல?"

ஒரு சிட்டிகை என்றால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பிடி. அது போதாதென்று காலையில் ஜெபம் சொல்லி, கோயிலிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தீர்த்தத்தையும் தெளித்திருக்கிறாள். எங்கள் பங்குக் கோயிலில் உப்புப் போட்டுத்தான் தீர்த்தம் மந்திரிப்பார்கள். புதுவீட்டு மூலைகளில் அந்த உப்பை வைப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். நான்கூட மில்லில் வைத்திருக்கிறேன். வயலுக்கு வைக்கலாமா கூடாதா என்று எந்த உபதேசியாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் முதலில் முறைத்தாள், அப்புறம் அவளும் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் இருவருக்கும் ஒன்று பட்டது. அவ்வளவு உப்பிலும் பொடிக்கோதுமை சாகவில்லை.

இந்த உப்புக் கதையை நான் மில்லில் வைத்துச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு மிஷின் ஓடி முடிகிற வரை ஏதாவது பேச வேண்டாமா? ஒரே வாரத்தில் பங்கு முழுக்கப் பரவியது. சாமியாரே அவளைப் பார்த்து, "என்னம்மா, ஊறுகாய் போட்டீங்களாமே" என்று கேட்டாராம்.

அக்டோபர் பிறந்ததும் புதுமண்ணில், உப்பில்லாமல், கதிருக்கு விதைத்தோம். ரேஷனையும் மத்தியப் பிரதேசத்தையும் விட்டுவிட்டோம். ரேஷன் முளைக்காதது, மற்றது வெயில் கொஞ்சம் ஏறினாலே தலை தொங்கிப்போவது. சம்பாவும் பொடிக்கோதுமையும் மட்டும், இரண்டு இடத்திலும். ஞாயிறு தோறும் வீடியோவில் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். என் சம்பாவைப் பார்த்தால் கண் நிறையும். இலை அகலமாக, ஒரு வித்து ஐந்தாறு கிளை வெடித்து, இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டது. பக்கத்துப் பெட்டியில் பொடிக்கோதுமை சீக்காளி போல நின்றது. எர்ணாவூரில் கதையே வேறு. அங்கே சம்பா உயரவுமில்லை, கிளைக்கவுமில்லை. காற்றடித்த பக்கமெல்லாம் ஓரம் காய்ந்தது. அங்கே பொடிக்கோதுமை, முழங்கால் உயரம்கூட இல்லாவிட்டாலும், விறைத்துக்கொண்டு நின்றது. நாத்தனார் தினம் காலையில் எழுந்து இலைமேல் படிந்த சாம்பலை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவாள். உப்பு வைத்த கைக்கு அதுதான் பரிகாரம் என்பாள்.

விளைச்சல் என்று பார்த்தால் என் மாடிதான் ஜெயிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நவம்பர் கடைசியில் என் சம்பாவில் கதிர் எட்டிப்பார்த்தது. முதல் கதிரைக் கண்டபோது தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு மாடிக்கு ஏற்றினேன். தலைவரும் மூச்சு வாங்க ஏறி வந்தார். "இருபதாம் நம்பர் வயலே போதும்போல கீதே" என்றார். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதை இங்கே மறைப்பானேன். ஆனாலும் வாய் மட்டும், "பதினேழு வருது, பாரு" என்றது.

டிசம்பரில் அந்த மழை வந்தது. காற்றோடு சேர்ந்த மழை, இரண்டு நாள் விடவில்லை. மழை விட்டதும் மாடிக்கு ஓடினேன். என் சம்பா முழுக்கத் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தது. அவ்வளவு செழிப்பும் உயரமும் அதற்கு வினையாகிவிட்டது. குச்சி நட்டுக் கயிறு கட்டிப் பார்த்தேன். தண்டு முறிந்ததைக் கட்டி என்ன செய்ய? சரி, பொடிக்கோதுமையாவது இருக்கிறதே, அதிலும் பத்துப் பதினைந்து கதிர் வந்திருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மாடியெங்கும் புறா. எங்கள் மில் வாசலில் சிந்துகிறதைத் தின்று கொழுத்த புறாக்கள். கோதுமை என்றால் அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பால் பிடித்திருந்த கதிர்களை ஒன்று விடாமல் கொத்திவிட்டன. துடைப்பத்தை வீசி விரட்டினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தாலும் அழுதேன்.

அன்றைக்கே தலைவர் பிளாஸ்டிக் புல்லுச் சுருளை வாங்கிவந்து குடிலுக்குப் பின்னால் சாத்திவைத்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. இனி இருப்பது எர்ணாவூர்தான். போன் போட்டால் எடுக்கவில்லை. கரண்ட் இல்லையோ, சார்ஜ் இல்லையோ, அதற்குள் எனக்கு என்னென்னவோ தோன்றியது. மூன்றாவது மாடிக்கு மேல் திறந்த வெளி, மறைப்பு ஒன்றும் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"நிக்குதாடி?"

"நிக்குது அண்ணி. குட்டையா கீதுல்ல, காத்து அது மேலயே போயிடுச்சு. பொறாவும் வந்துச்சு. இவரு பழைய வலைய போட்டு மூடிட்டாரு. கதிரு பழுக்க ஆரமிச்சிடுச்சு, சோக்கா கீது."

அவள் இரண்டு முறை "அண்ணி, கேக்குதா?" என்று கேட்டாள்.

இருபத்திநாலாம் தேதி மதியம், காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. பின்னால் தெர்மாகோல் பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் நாத்தனார், புதுப் புடவையில், இரண்டு கையாலும் இரண்டு பெட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளை இறக்கிவைத்து வலையை எடுத்தோம். அடி இன்னும் பச்சை, மேலே கதிரெல்லாம் மீசை விறைத்துப் பழுப்பேறி நின்றது. கதிர் என்னவோ என் சுண்டுவிரல் நீளம்தான். உதிர்த்தால் ஒரு கதிருக்கு இருபது மணிகூடத் தேறாது. என் சம்பா மட்டும் நின்றிருந்தால் விளைச்சலில் இதைப்போல நாலு மடங்கு கண்டிருக்கும். ஆனால் அது நிற்கவில்லையே. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து கதிரைத் தடவிப் பார்த்தார்கள். கோதுமைக்கு மீசை உண்டு என்று அன்றைக்குத்தான் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "மீன் நாத்தம் வருது" என்றார். போகும்போது பிளாஸ்டிக் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாத்தனார் கைப்பையைத் திறந்து என்னிடம் காட்டினாள். போன வருஷம் ஏற்றாமல் எடுத்துப்போன அதே மெழுகுவத்தி. வெயிலில் கொஞ்சம் வளைந்திருந்தது.

இருட்டுகிற நேரத்துக்குச் சாமியார் வந்தார். தெரு விளக்கை அணைத்தார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு. நாலு. ஆறு. ஒவ்வொரு வீடாகப் போய் ஏற்றிவிட்டு வந்தது. பன்னிரண்டு, பதினாலு என்று நெருங்கியபோது நாத்தனார் ஒரு கையில் என் கையையும் மறு கையில் மெழுகுவத்தியையும் பிடித்திருந்தாள். பதினாறு. அந்த வீட்டுப் பெண் கிணற்றுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். அடுத்து வர வேண்டியது பதினெட்டு. கடல் பக்கம், இப்போது சாலை ஓடுகிற பக்கம், தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"பதினேழு" என்றார்.

அந்த எண்ணில் இன்றைக்கு ஒரு சுவரும் இல்லை, கதவும் இல்லை. என் நாத்தனார் இருந்தாள். என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பதினாறாம் நம்பர்க்காரி தன் மெழுகுவத்தியைக் கொண்டுவந்து சாய்த்துக் கொடுத்தாள். வளைந்த மெழுகுவத்தி பற்றிக்கொண்டது. கதிர்களின் மீசையெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. பதினெட்டைக் கூப்பிட்டார்களா, எங்கள் இருபதைக் கூப்பிட்டார்களா என்று எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஏற்றினாராம். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கிணற்றுக்கு, பட்டிக்கு, மாட்டுத் தொழுவத்துக்கு. வயலுக்கு நேரே வந்ததும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது உப்புப் போட்ட தண்ணியாச்சேம்மா. தெளிக்கலாமா?"

தெரு முழுக்கச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்லா தெளிங்க சாமி" என்றாள். "இது தாங்கும்."